பதினோராம் நாள்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு அநாதை இல்லத்தில் பத்து நாள் ஊழியம் செய்யச் சர்ச்சில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
- வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: போய் வாருங்கள் தாயி. ஆனால் பதினோராம் நாள் அந்தக் குழந்தை யார் கையைப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பாசத்துக்கு ஷிப்மெண்ட் தேதி கிடையாது. உங்கள் லைன் வீட்டு வாசற்படியில், ஷிப்ட் முடிந்து அம்மா வரக் காத்திருக்கும் ஒடிசாப் பிள்ளைக்கு இன்றைக்கே அ, ஆ சொல்லிக் கொடுக்கலாம், பாஸ்போர்ட் வேண்டாம்.

பதினோராம் நாளும் தங்கியவர் ஒருவர் உண்டு. அயர்லாந்துக்காரர் ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். 1901-ல், கோவிலிலிருந்து தப்பிவந்த ஏழு வயதுச் சிறுமியை அணைத்துக்கொண்டார். நெல்லைச் சீமையின் டோனாவூரில் அந்த அணைப்பு பெருங்குடும்பமாயிற்று. 1951-ல் கண்மூடும்வரை ஒருதடவைகூட ஊர் திரும்பவில்லை. கல்லறைக்கல் வேண்டாமென்றார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் பொறித்த பெயர், ‘அம்மா’.