காஞ்சிபுர வட்டார உறை இனிப்பில் கனமும் இலேசும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் ஆய்வெல்லையும்

இலேசு என்பது காஞ்சிபுரத்தில் ஒரு குற்றச்சாட்டு. காந்தி சாலைக் கடைகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வரும் பெண்வீட்டார், கரையையும் முந்தியையும் பார்ப்பதற்கு முன்பே புடவையை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்கள். "என்னங்க, லேசா இருக்கே?" என்று கூட்டத்தில் மூத்த அம்மாள் ஒருவர் சொல்லிவிட்டால் விற்பனையாளர் வாதாடுவதில்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை விரிக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் அண்மைக் காலமாக, ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளும் சர்க்கரை மாத்திரை விழுங்கும் பெரியவர்களும் ஒரே குரலில் "லேசான" ஐஸ்கிரீம் கேட்கிறார்கள். லேசாக இருக்க வேண்டும், புரதம் மிகுந்திருக்க வேண்டும், வீட்டில் செய்ததாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே கிண்ணத்தில் கூடுமா என்பதே இவ்வாய்வின் வினா.

ஆய்வெல்லை வருமாறு: கிழக்கே சின்னக் காஞ்சிபுரம், மேற்கே பிள்ளையார்பாளையம், கீழே மைனஸ் 18 டிகிரி, மேலே ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டெபிலைசர். குச்சி ஐஸ், சேமியா ஐஸ் ஆகியவை தனி ஆய்வுக்கு உரியவை என்பதால் தவிர்க்கப்பட்டன. தவிர்த்ததில் ஆய்வாளருக்கு வருத்தம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, டப்பாவில் ஐஸ்கிரீம் என்று போட வேண்டுமானால் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புரதம் 3.5 சதவீதம் இருந்தால் போதும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் அதற்கு ஃப்ரோசன் டெசர்ட் என்று பெயர். இவை பலருக்கும் தெரிந்தவை. தெரியாதது, விதியின் இன்னொரு வரி: ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் எடை இருந்தால் சட்டத்துக்குப் போதும். பாலின் எடையை நினைத்துப் பார்த்தால் மீதி என்ன என்பது விளங்கும். காற்று. புடவையைக் கிராமில் நிறுத்துப் பார்க்கும் ஊர், ஐஸ்கிரீமை மட்டும் மில்லிலிட்டரில் வாங்கிக்கொண்டு வருகிறது. எனவே "லேசான" ஐஸ்கிரீம் கேட்பவர்களுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது, அது ஏற்கெனவே கடையில் கிடைக்கிறது என்பதே. ஆய்வு தேடுவது வேறொரு இலேசு: கொழுப்பும் சர்க்கரையும் குறைந்து, கையில் மட்டும் கனப்பது.

முன்னோர் ஆய்வுகள்

காஞ்சியில் கிண்ணம் பற்றிய இலக்கியச் சான்றுகள் முதன்மையாக இரண்டு. இரண்டும் நம் பொருளுக்கு நேரே பொருந்துகின்றன என்பது தற்செயலாக இருக்க முடியாது.

ஒன்று, மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அவள் அதை ஏந்தி வந்தாள். எடுக்க எடுக்க அது குறையவில்லை. காற்றேற்றும் நுட்பத்தின் முதல் சான்றாக இதைக் கொள்ளலாமா என்று ஆய்வாளர் நெடுநேரம் சிந்தித்தார். ஆனால் உண்டவர்கள் உண்மையாகவே பசியாறினார்கள் என்று காப்பியம் சொல்கிறது. கருதுகோள் கைவிடப்பட்டது.

மற்றொன்று இன்னும் பொருத்தமானது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனம் என்றொரு கேலி நாடகம் எழுதினான். அதுவும் காஞ்சித் தெருக்களில் நடக்கும் கதை. குடிபோதையில் இருக்கும் காபாலிகன் ஒருவன் தன் கபாலக் கிண்ணத்தைத் தொலைத்துவிடுகிறான். கிண்ணத்தில் வறுத்த இறைச்சி இருந்ததால் ஒன்று நாய் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புத்த பிக்கு எடுத்திருக்க வேண்டும் என்பது அவன் துப்பறிதல். பிக்குவோடு தெருச்சண்டை, பஞ்சாயத்து எல்லாம் ஆனபின், நாயிடமிருந்து பிடுங்கிய கிண்ணத்தோடு ஒரு பித்தன் வந்து சேர்கிறான். ஆக, சோறு இருந்த கிண்ணம் குறையவில்லை. புரதம் இருந்த கிண்ணம் காணாமல் போயிற்று. இந்த வரலாற்று விதி இன்றும் செயல்படுகிறதா என்பதைக் கள ஆய்வில் காண்போம்.

ஏறத்தாழ 640இல் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் இது வெப்பமான நாடு என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டார். குளிர்ந்த இனிப்பு எதையும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பட்டு என்னும் புரதம்

காஞ்சிபுரத்தில் புரதப் பற்றாக்குறை என்று சொல்பவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்காதவர்கள். பட்டு முழுக்க முழுக்கப் புரதம். உள்ளே ஃபைப்ராயின் என்ற இழை, அதைச் சுற்றி செரிசின் என்ற பசை. அரைக் கிலோ பட்டில் ஈரத்தைக் கழித்தால் சுமார் 450 கிராம் புரதம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைக் கணக்கு. அதன்படி ஒரு முகூர்த்தப் புடவையை வைத்து மணமகள் ஒன்பது நாள் தாக்குப்பிடிக்கலாம். வயிற்றுக்கு ஃபைப்ராயின் செரிக்காது என்பதே ஒரே தடை. அஸ்ஸாமிலும் கொரியாவிலும் உள்ளவர்கள் புத்திசாலிகள். இழையை விட்டுவிட்டுக் கூட்டுக்குள் இருக்கும் புழுவைச் சாப்பிடுகிறார்கள். இந்த யோசனையை எங்கள் வீட்டு மடிசார் அத்தையிடம் முன்வைக்கும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

இங்கே ஒரு விநோதம் கவனிக்கத்தக்கது. சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்துப் பசையை நீக்குவார்கள். அப்போது நூல் கிட்டத்தட்ட கால்பங்கு எடை குறைகிறது. குறைவது அத்தனையும் புரதம். அதாவது இவ்வூரில் ஒரு பொருள் இலேசாவது புரதத்தை இழந்துதான். நாமோ புரதத்தை ஏற்றிக்கொண்டே இலேசாக வேண்டும் என்கிறோம். ஊரின் போக்குக்கே எதிரான வேலை.

விளம்பரக்காரர்கள் சொல்லும் "பட்டுப் போன்ற" ஐஸ்கிரீமையும் அளந்து பார்த்துவிடலாம். ஐஸ்கிரீமில் உள்ள பனிப் படிகங்கள் 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்கு நறநறப்பைக் கண்டுபிடித்துவிடும். நல்ல ஐஸ்கிரீமில் அவை 25 முதல் 45 மைக்ரான் வரை. பட்டின் ஒற்றை இழையோ 10 மைக்ரானை ஒட்டியது. ஆகவே உலகின் மிகச் சிறந்த ஐஸ்கிரீமும் பட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் முரடு. நாம் நெய்யும் நூல் பல இழை சேர்த்து முறுக்கியது என்று நெசவாளர்கள் மறுக்கலாம். மறுப்பு ஏற்கப்படுகிறது, விளம்பரம் ஏற்கப்படவில்லை.

செய்முறை

ஐஸ்கிரீம் மிருதுவாக இருப்பதற்குக் கொழுப்பும் சர்க்கரையும் காற்றும் காவல் நிற்கின்றன. இவற்றில் இரண்டைக் குறைத்தால் கிண்ணத்தில் உறைவது வெறும் தண்ணீர், அதாவது கல். எனவே செய்ய வேண்டியது தண்ணீரைக் குறைப்பது, மிஞ்சிய தண்ணீரைக் கட்டிப்போடுவது.

ஒரு லிட்டர் டபுள் டோன்ட் பாலை நன்றாகக் காய்ச்சித் தோய்க்கவும். இந்தப் பாலில் கொழுப்பு ஒன்றரை சதவீதம்தான். தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் ஏந்தி, ஃப்ரிட்ஜுக்குள் இரவு முழுக்க விட வேண்டும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துண்டு இதற்கு உத்தமம். பட்டுத் துணி கூடாது. புரதத்தைப் புரதத்தால் வடிகட்டுவது ஆடம்பரம். காலையில் சுமார் 400 கிராம் கெட்டித் தயிர் நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். பாலாடைக்கட்டி ஆலைகளில் வடியும் இதன் சகோதரத் தண்ணீரைத்தான் உலர்த்தித் தூளாக்கி, வெனிலா வாசனை ஏற்றி, பெரிய கறுப்பு டப்பாவில் அடைத்து, ஆயிரக்கணக்கில் விலை வைத்து ஜிம் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். அந்தத் தூளையும் ஐஸ்கிரீமில் போடலாம்தான். போட்டால் எல்லாச் சுவையும் அந்த டப்பாவின் சுவையாகவே முடியும்.

அடுத்தது கஞ்சி. பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கஞ்சி இழைகளை ஒன்றாகப் பிடித்து நிறுத்துகிறது. ஐஸ்கிரீமிலும் அதற்கு அதே வேலை: தண்ணீரை அங்கங்கே பிடித்து வைத்து, பனிப் படிகங்கள் கூடிப் பெருக்காமல் தடுக்கிறது. சிசிலித் தீவினர் முட்டையும் கிரீமும் இல்லாமல் மாவுக் கஞ்சியை வைத்தே ஜெலாட்டோ செய்வது இந்தத் தத்துவத்தில்தான். சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், 150 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து, கட்டி தட்டாமல் கூழ் பதத்துக்குக் காய்ச்சி ஆறவிடவும். அதில் 50 கிராம் கொழுப்பில்லாப் பால் பவுடர் சேரும். பவுடரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம் என்பதால் கை தாராளமாக நீளும், நீளக் கூடாது. அதிலுள்ள லாக்டோஸ் கூடினால் குளிரில் படிகமாகிப் பாலாற்று மணலாகப் பல்லில் அரைபடும்.

இனிப்புக்கு 80 கிராம் நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையைவிட இதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சற்றே அதிகம். எடைக்கு எடை பார்த்தால் அவை உறைநிலையை வெள்ளைச் சர்க்கரையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இறக்கும். குறைந்த இனிப்பிலேயே கிண்ணம் கொஞ்சம் இளகி நிற்கும். உடம்புக்கு நல்லது என்று சொல்லி அளவைக் கூட்டுபவர்களுக்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

மணத்துக்கு வெனிலா தேடி அலைய வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளி வழி காட்டியிருக்கிறது. அங்கே மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவிக்கும் இட்லியில் சுக்கு, மிளகு, சீரகம் விழும். சுக்கும் ஒரு சிட்டிகை மிளகும் நாட்டுச் சர்க்கரையோடு குளிரில் நன்றாகவே பொருந்துகின்றன. சீரகத்தைச் சேர்த்தால் மோர் வாடை வந்துவிடும். அரிசியும் உளுந்தும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் புரதக் கூட்டணி என்று இன்றைய உணவியல் சொல்வதை அந்த இட்லி யாரிடமும் கேளாமலே செய்திருக்கிறது.

எல்லாவற்றையும் கலந்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிட வேண்டும். உறைந்த கட்டிகளைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் படிகங்கள் பொடிந்து குழையும். பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் புதுவகை ஐஸ்கிரீம் இயந்திரங்கள் செய்வதும் இதுவே: உறையவிட்டு, பிறகு சீவுவது. தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் சூட்டில் உருகி மில்க் ஷேக் ஆகிவிடும். குழைந்ததை டப்பாவில் அழுத்தி, மேலே ஒட்டினாற்போல் வாழையிலைத் துண்டு வைத்து மூடிவிட வேண்டும்.

பிறகு கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் இளகி மறுபடி உறையும்போது சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், காந்தி சாலையில் பக்கத்துச் சின்னக் கடையைப் பெரிய கடை வாங்கிச் சேர்த்துக்கொள்வதுபோல.

கணக்கு: ஏறத்தாழ 680 கிராம் பண்டத்தில் 49 கிராம் புரதம். 100 கிராமுக்கு 7. சட்டம் கேட்பதைப்போல் இருமடங்கு. கொழுப்போ சட்டம் கேட்பதில் கால்பங்கு. மார்தட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது என்பதை யாராவது நினைவூட்டும் வரை.

கள ஆய்வில் நேர்ந்த இழப்பு

"ஆய்வு மாதிரி, தொடாதே" என்று எழுதி ஒட்டிய கிண்ணம் ஒன்று ஃப்ரீசரிலிருந்து காணாமல் போனது. மகேந்திரவர்மன் காலத்து விதி அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் நாய் இல்லை. ஐயம் முதலில் ஜிம்முக்குப் போகும் அண்ணன் மகன்மேல் விழுந்தது. அவன் கறுப்பு டப்பாவின் மேல் சத்தியம் செய்தான். பிறகு பார்த்தால் கிண்ணம் பாத்திரக் கூடையில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டு ஆண்கள் அனைவரும் அந்த நொடியே ஐயத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

வாய்மொழித் தேர்வு

புறத் தேர்வாளராகப் பெரியப்பா அழைக்கப்பட்டார். தறியிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஏந்தியே புடவையின் எடையைச் சொல்லக் கூடியவர். ஒப்பீட்டுக்காகக் கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றும் அதே அளவுள்ள நம் டப்பாவும் அவர்முன் வைக்கப்பட்டன. ஒவ்வொரு கையில் ஒன்றாக எடுத்தார். கண்ணை மூடினார்.

"இது உன்னோடது" என்றார் நம் டப்பாவை உயர்த்தி. "நல்ல கனம். அதுல என்னப்பா, ஒண்ணுமே இல்ல?"

"காத்து, பெரியப்பா."

"காத்துக்கா காசு குடுத்த?"

ஆய்வின் கருதுகோள் நிறுவப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் நம்முடையதில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுவைத்தார். சுக்கு நன்றாக இருக்கிறது என்றார். இனிப்பு ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தான் பெரியப்பா. உங்களுக்குச் சர்க்கரை இருக்கே."

"யார் சொன்னது?"

"டாக்டர் சொன்னாரு" என்றது அடுக்களையிலிருந்து அத்தையின் குரல்.

பெரியப்பா சற்று நேரம் இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நம்முடையதை மரியாதையோடு மூடி என்னிடம் நீட்டினார்.

"இது சத்துள்ளது, பிள்ளைங்களுக்கு வை. இது லேசாத்தானே இருக்கு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக் கடை டப்பாவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.