கடற்கன்னிக்குச் செவுள் எங்கே?

திருநின்றவூரில் கடல் கிடையாது. சென்ட்ரலுக்கே இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கே இறங்கி பஸ் பிடித்தால்தான் மெரினா. எங்களுக்கு வாய்த்தது ஏரி. அடைமழைக் காலத்தில் அது எங்களைத் தேடி வரும். வரும்போது நாலைந்து ஜிலேபிக் கெண்டைகளையும் கூட்டிக்கொண்டு வரும். மற்ற நாட்களில் எங்கள் தெருவுக்கு நீர்வாழ் உயிரினம் என்றால், விடியற்காலை காசிமேட்டில் எடுத்து லோக்கல் பிடித்து வரும் மீன்காரம்மாவின் அன்னக்கூடைதான்.

அப்படிப்பட்ட ஊரில், போன அரைப்பரீட்சை லீவில், ஒன்பதாவது படிக்கும் என் மகள் கடலுக்கடியில் குடியேறிவிட்டாள்.

பெங்களூரில் வீடு மாற்றிய என் மைத்துனர், "எங்க பசங்க வளர்ந்துட்டாங்க, உங்களுக்கு உதவும்" என்று ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். பாதிப் பெட்டி மூடி இல்லாத ஹாட்பாக்ஸ். மீதிப் பாதி, ஜெனிஃபர் டானலி என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'வாட்டர்ஃபயர் சாகா'. 2014-ல் தொடங்கி 2016-ல் முடிந்த கடற்கன்னித் தொடர். மொத்தம் நான்கு பாகம். பெட்டியில் இருந்தவை ஒன்று, இரண்டு, நான்கு.

காணாமல் போவது எப்போதும் நடுப்பாகம்தான். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. அதில் மூன்றாம் பாகமான 'கொலை வாள்' மட்டும் பக்கத்து வீட்டுக்கு இரவல் போனது. அவர்கள் வீட்டை விற்றுக்கொண்டே போய்விட்டார்கள். வாள் திரும்பவில்லை.

கதை இதுதான். கடலுக்கடியில் ராஜ்யங்கள். உலகின் வெவ்வேறு நீர்களிலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்து, தென்துருவக் கடலில் அடைபட்டிருக்கும் ஒரு பூதத்தை அழிக்க வேண்டும். மந்திரத்துக்குக் கோல் கிடையாது, பாட வேண்டும். நாயகி செராஃபினா மத்தியதரைக் கடல் இளவரசி. அவளுடைய தோழி நீலா நம்ம பக்கம். இந்துமாக் கடலில் மாதலி என்ற ராஜ்யத்து இளவரசி. மனசு சரியில்லை என்றால் மிட்டாயாகத் தின்பாள். செல்லப்பிராணியாக ஒரு பேத்தை மீன் வளர்க்கிறாள்.

"மாதலியா? அது இந்திரனோட தேரோட்டி பேராச்சே. தேரோட்டிக்கு ஏது ராஜ்யம்?" என்றார் அம்மா. வீட்டில் பதிவான முதல் வாசகர் அபிப்பிராயம்.

இரண்டாவது என் மனைவியுடையது. அந்தக் கதையில் பணத்துக்குப் பெயர் 'கரன்சீ'. ஆங்கிலத்தில் கடைசி எழுத்துக்குக் கடல் என்று பொருள் வரும்படி சிலேடை. புத்தகம் முழுக்க இந்த மாதிரிச் சிலேடைகள் வலையில் மாட்டிய நெத்திலியாகத் துள்ளுகின்றன. மகள் ஒவ்வொன்றையும் சமையலறை வாசலில் நின்று வாசித்துக் காட்டினாள். என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, தமிழில் அந்த எழுத்துக்கு என்ன பொருளோ அதையே அபிப்பிராயமாகச் சொன்னாள்.

என் ஆட்சேபம் வேறு. பிள்ளைகளுக்கான இந்த மாயக் கதைகளில் அப்பாக்களை உயிரோடு விடுவதில்லை. செராஃபினாவின் அப்பாவும் முதல் பாகத்திலேயே போய்விடுகிறார். கேட்டால், "அவர் இருந்தா எப்படிப்பா அட்வென்ச்சருக்கு விடுவார்? எட்டு மணிக்குள்ள வீட்டுக்கு வான்னுதானே சொல்வார்" என்கிறாள் மகள். பெர்சி ஜாக்சனின் அப்பா பரவாயில்லை, அவர் சமுத்திர தேவன். சாகவில்லை, வீட்டுப் பக்கம் வராததோடு சரி.

ஆட்சேபம் தெரிவிப்பதற்காவது படித்துப் பார்க்க வேண்டுமே என்று முதல் பாகத்துக்கு பிரவுன் தாள் அட்டை போட்டு ஆபீசுக்கு எடுத்துப் போனேன். ஐம்பது வயதுக்காரன் அரக்கோணம் லோக்கலில் கடற்கன்னி படிப்பது தெரியக்கூடாது. பட்டரவாக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "எந்த எக்ஸாம் சார்?" என்றார். "கடல் சம்பந்தப்பட்டது" என்றேன். "மீன்வளத் துறையா? இந்த வயசிலயும் விடாம எழுதறீங்களே" என்று எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்கே கொடுத்தார். அந்த மரியாதையைக் காப்பாற்ற இன்னும் கவனமாகப் படித்தேன். ஆவடி வந்தது, போனது. நிமிர்ந்து பார்த்தபோது வெளியே புட்லூர். திருவள்ளூரில் இறங்கி எதிர் வண்டி பிடித்து வீடு வந்தபோது மணி ஒன்பதே கால். கதை ஒன்றும் பிரமாதமில்லை என்று வீட்டில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஆனால் எங்கள் தெருவின் ஆகச் சிறந்த விமர்சகர் நாங்கள் யாருமல்ல.

மகள் திண்ணையில் சார்ட் பேப்பர் விரித்து செராஃபினாவை வரைந்துகொண்டிருந்தாள். இடுப்பு வரை ஜரிகைச் சட்டை, கீழே பச்சைச் செதில்கள், நுனியில் விசிறி மாதிரி வால். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா மீனு இது?"

"மீனில்ல ஆன்ட்டி, கடற்கன்னி. பாதி பொண்ணு, பாதி மீன்."

"அதான் கேக்குறேன், அந்தப் பாதி இன்னா மீனு? செதிலு சங்கரா மாரி கீது. வாலு ஏன் இப்டி படுத்துனு கீது? மீனுக்கு வாலு நிக்கும் பாப்பா." கூடையிலிருந்து ஒரு சங்கராவை எடுத்து, நிமிர்த்திப் பிடித்து, வாலை இடமும் வலமுமாக ஆட்டினார். படத்தின் மேல் இரண்டு சொட்டு விழுந்தது. "இப்டித்தான் போவும். உன்னுது மேலயும் கீழயும்ல அடிக்குது? அது ஓங்கிலு வாலு. ஓங்கிலுக்கு செதிலு கெடையாது. நீ ரெண்டத்தையும் சேத்து ஒட்டிகிற."

மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்புறம், செவுளு எங்க? செவுளு இல்லாம எப்டி மூச்சு வுடும்? நான் செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீனும் எடுக்கமாட்டேன்."

எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. ஓங்கில், திமிங்கிலம், கடல்பசு எல்லாம் பாலூட்டிகள். அவற்றின் வால் கிடைமட்டம், மேலும் கீழும் அடித்து நீந்தும். மீனின் வால் செங்குத்து, பக்கவாட்டில் ஆடும். காலண்டரிலும் கார்ட்டூனிலும் பார்க்கும் கடற்கன்னிகள் பெரும்பாலும் மீனிடம் செதிலையும் ஓங்கிலிடம் வாலையும் கடன் வாங்கியவர்கள்தான். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறுத்தவில்லை. கிலோ 400 ரூபாய்க்குச் சங்கரா விற்க வந்தவருக்கு ஒரே பார்வையில் உறுத்திவிட்டது.

அந்த வால் வந்த வழி கடல்பசுவாக இருக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடல்புல் மேயும் சாதுவான, பருத்த உயிர். பாக் விரிகுடாவில் அதற்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதல் கடல்பசுக் காப்பகம். கடலில் மாதக்கணக்கில் போன பழைய மாலுமிகள் இந்த இனத்தைத்தான் தூரத்திலிருந்து பார்த்துக் கடற்கன்னி என்று மயங்கினார்களாம். 1493 ஜனவரியில் கொலம்பஸ் கரீபியப் பக்கம் மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைகிற அளவுக்கு அழகில்லை என்றும் அவருடைய குறிப்பில் இருக்கிறது. ஆவுளியாவின் ஒன்றுவிட்ட சொந்தமான மானட்டியைத்தான் பார்த்திருப்பார் என்கிறார்கள். அட்டைப்படத்தை நம்பி ஏமாந்த வாசகரின் குரல்தான் அதுவும்.

அம்மாவுக்கு இந்த விலங்கியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "சமுத்திர குமாரின்னா பூங்குழலி. அவளுக்கு ரெண்டு காலுதான். கோடிக்கரையில தனியா படகு தள்ளிக்கிட்டுப் போனா. வால வெச்சிக்கிட்டு நீந்தறது என்ன பெரிய சாமர்த்தியம்?" என்றார். மார்கழி என்பதால் விடிகாலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வெண்பொங்கலோடு பேத்திக்கு ஊர்க் கதையையும் ஊட்டினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஊரின் பெயரே அப்படி. தாயார் பெருமாளோடு ஊடல் கொண்டு வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற இடம். திரு நின்ற ஊர். பாற்கடலில் பிறந்தவள் என்பதால் சமுத்திரராஜன் அவளுக்கு அப்பா. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைச் சமாதானப்படுத்த கடலே கிளம்பி வந்தது. மெரினாவுக்கு நாங்கள் போக வேண்டிய தூரத்தைக் கடல் வந்து கடந்திருக்கிறது. (இதில் அப்பா சாகவில்லை. கவனிக்க.) எவ்வளவோ கெஞ்சிப் பார்த்து, கடைசியில் "என்னைப் பெற்ற தாயே" என்று பெற்ற மகளையே கூப்பிட்டிருக்கிறார். அதுவே இன்றைக்கும் தாயாரின் திருநாமம். அப்படியும் மசியவில்லை, பெருமாளே இறங்கி வர வேண்டியதாயிற்று. பக்தனுக்காக வந்ததால் அவர் பக்தவத்சலர். கோயில் குளத்தின் பெயர் வருண புஷ்கரணி.

"செம" என்றாள் மகள். "அடுத்த பார்ட் இருக்கா?"

இருந்தது. திருமங்கையாழ்வார் இந்த வழியாக வந்தவர் எங்கள் ஊரைப் பாடாமலே போய்விட்டாராம். தாயார் பெருமாளைத் துரத்தி அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் கடல்மல்லைக்கே போய்விட்டார். அங்கிருந்தபடியே ஒரு பாசுரம். அதை வாங்கிக்கொண்டு வந்தவரிடம் தாயார், மற்ற ஊர்களுக்கெல்லாம் பத்துப் பத்தாக இருக்க நமக்கு ஒன்றே ஒன்றுதானா என்று திருப்பி அனுப்ப, இரண்டாவது திருக்கண்ணமங்கையில் கிடைத்தது. அடுத்த பாகம் எங்கே என்று ஆசிரியரை நெருக்கும் வாசகர்களுக்கு இதைவிடப் பழைய முன்னோடி யாராவது உண்டா, தெரியவில்லை.

நெருக்கினால் எழுத்தாளர்களும் விடுவதில்லை. பழைய நூல்களில் திமி என்று ஒரு பெருமீன் வரும். அதை விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தை விழுங்குவது திமிங்கிலகிலம். இந்தத் தொடர்களும் அப்படித்தான். பெட்டியின் அடியில் டுயி சதர்லேண்ட் எழுதிய 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' இரண்டாம் பாகம் கிடந்தது. நெருப்புக் கக்கும் டிராகன் கதை. அதிலும் கடலில் வாழும் ஒரு குலம். 2012-ல் ஆரம்பித்து, பத்து வருஷத்தில் 15 பாகம். மகள் அதன் பட்டியலை நோட்டில் எழுதி, கீழே உத்தேச விலையும் கூட்டி, என் சட்டைப் பையில் வைத்தாள். என் சம்பளத்தை விழுங்கத் திமியே போதும்.

அந்த இரண்டாம் பாகத்து நாயகி ஒரு கடல் டிராகன். மகள் இப்போதெல்லாம் எதையும் மீன்காரம்மாவிடம் காட்டாமல் முடிவு செய்வதில்லை. "இவ பேரு சுனாமி ஆன்ட்டி, செம தைரியம்" என்றாள்.

மீன்காரம்மா அரிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். அவருக்குப் பிறந்த வீடு பட்டினப்பாக்கம்.

"அந்தப் பேரப் போய் யாராச்சும் புள்ளைக்கு வெப்பாங்களா?" என்றார். பிறகு மீனைத் திருப்பிப் போட்டு, "நாளான்னிக்கு இருவத்தாறு. நான் வரமாட்டேன், அம்மாகிட்ட சொல்லிடு. கடலுக்குப் பால் ஊத்தப் போவணும்."

2004-ல் என் மகள் பிறக்கவே இல்லை. அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அன்று சாயங்காலம் பார்த்தேன். அட்டையைத் தவிர உள்ளே அந்தப் பெயர் வருமிடமெல்லாம் பென்சிலால் அடித்து 'அலை' என்று எழுத ஆரம்பித்திருந்தாள். நாற்பதாம் பக்கத்தோடு கை வலித்து விட்டுவிட்டாள்.

மூன்றாம் பாகத்தின் பிரச்சினை அப்படியே இருந்தது. இரண்டை முடித்துவிட்டு நான்கைத் தொடமாட்டேன் என்று சபதம். மைத்துனருக்கு நாளொன்றுக்கு மூன்று போன். அம்மாதான் வழி சொன்னார். "பூசலார் நம்ம ஊருக்காரர்தானே? கையில காசு இல்ல. அதுக்காக விட்டாரா? அஸ்திவாரம், மதில், கிணறு, குளம்னு மனசுக்குள்ளயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அதே நாள்ல காஞ்சிபுரத்துல கும்பாபிஷேகம் வெச்சிருந்த பல்லவ ராஜாவோட கனவுல சாமி வந்து, நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், உன் தேதிய மாத்திக்கோன்னுட்டார். ஒரு கோயிலையே கட்டலாம்னா, உன்னால ஒரு புஸ்தகம் கட்ட முடியாதா?"

கட்டினாள். ஒன்பது இரவு, கரண்ட் போனாலும் போகாவிட்டாலும், பாட்டி பாயில் படுத்தபடி கேட்க, மூன்றாம் பாகம் நடந்தது. ஆறு பெண்களும் எண்ணூர் முகத்துவாரத்தில் நுழைந்து, கொசஸ்தலையாறு வழியாக மேலேறி, மழைத்தண்ணீரோடு எங்கள் ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். தொலைந்துபோன ஒரு பாட்டு வருண புஷ்கரணியின் அடியில் இருக்கிறது. வால் படுத்திருப்பதற்குக் காரணம், அவர்கள் ஆவுளியா வம்சம். செவுள் இல்லாததற்கும் அதுவே காரணம், நடுநடுவே மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நீலாவின் பேத்தை மீன் சேனாதிபதி ஆகிவிட்டது, ஏனென்றால் "பேத்தைய எவனும் துன்னமாட்டான், அவ்ளோ வெசம்" என்று மீன்காரம்மா தகவல் கொடுத்திருந்தார். நாயகியின் அப்பாவும் சாகவில்லையாம். லோக்கலில் புத்தகம் படித்துக்கொண்டே திருவள்ளூர் போய்விட்டாராம். திரும்பி வரும் வண்டியில் இருக்கிறார்.

பொங்கலுக்கு முந்தின நாள் கூரியர் வந்தது. பரண் மேல் கிடந்ததாம். அசல் மூன்றாம் பாகம், 'டார்க் டைட்'. இரண்டு நாள் அவளை யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா நடந்தது அது இல்லப்பா."

தெருமுனையில் "மீனேய்" என்று குரல் கேட்டது. மீன்காரம்மா கூடையை இறக்கி, தலைச் சும்மாட்டை உதறி முகம் துடைத்துக்கொண்டார். கானாங்கத்தை எடுக்கலாமா, வவ்வால் எடுக்கலாமா என்று நான் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் கேட்டார்:

"பாப்பா, நைனா வண்டி வந்துச்சா இல்லியா?"