தங்குமா தாளம்?

எங்கள் தெருப் பையன்கள் கிதார் பேண்ட் ஆரம்பித்து ஆறே மாதத்தில் கலைந்துவிட்டார்கள். வரலாற்றில் இடம் உண்டா?
– வாசகர், ஆண்டர்சன்பேட்டை

ஒரு பாட்டாவது பதிவு செய்தார்களா? 1970, 71-ல் சிகரெட் கம்பெனி செலவில் நடந்த 'சிம்லா பீட்' இசைக்குழுப் போட்டியில் மெட்ராஸின் 'கன்ஃப்யூஷன்ஸ்', பெங்களூரின் 'டைனோசர்ஸ்' எல்லாம் வாசித்தார்கள். டைனோசர் என்று பெயர் வைத்தால் நிலைக்குமா? குழு போச்சு. ஆனால் அந்தப் போட்டியின் இசைத்தட்டுகள் பிற்பாடு வெளிநாட்டில் மறுபதிப்பு கண்டன.

'கராஜ்' இசைக்கு கார் ஷெட் வேண்டுமாமே? எங்களிடம் சைக்கிள்தான் இருக்கிறது!
– வாசகி, மாரிகுப்பம்

நம் தங்கவயலில் மூன்று கிலோமீட்டர் ஆழத் தங்கச் சுரங்கம் இருக்கிறதே! பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். உள்ளே தண்ணீர் நிற்கிறது, ஆம்ப்ளிஃபயரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தங்கவயலில் எதுவுமே தங்காதா?
– வாசகர், ராபர்ட்சன்பேட்டை

ஏன், சுரங்கம் விட்டுப்போன சயனைடு மண்மேடு தங்கியிருக்கிறதே!

1880-ல் வந்த சுரங்கக் கம்பெனி முதல் 2001-ல் பூட்டிய அரசு நிறுவனம்வரை எல்லோரும் தங்கத்தை எடுத்துக்கொண்டுதான் போனார்கள். ஆறு மாதம் சத்தம் போட்ட பையன்களாவது ஊருக்கு எதையோ கொடுத்தார்கள்.