கொல்லிமலையில் டிரான்ஸ்ஃபர் சீசன்

பணக்கார கிளப் ஒன்று பையில் பணத்தோடு வந்து உங்கள் அணியின் மிட்ஃபீல்டரைக் கேட்கிறது. கொடுப்பதா, முடியாது என்று கதவைச் சாத்துவதா? இந்தக் கேள்வியை ஏதோ ஸ்பெயின்காரர்கள் கண்டுபிடித்ததுபோல நம் பையன்கள் இரவு இரண்டு மணி வரை சண்டை போடுகிறார்கள். 2000இல் லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002இல் பழைய மைதானத்தில் ஆட வந்தபோது ரசிகர்கள் அவரை நோக்கிப் பன்றித் தலையை வீசினார்கள். உலகமே அதிர்ந்தது. நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் அதிர வேண்டியதில்லை. ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன் அவர்கள் ஊர் கொல்லிமலையில் இதே விவகாரம் நடந்தது. அதில் போனது பன்றியின் தலை அல்ல, அணித் தலைவரின் தலை.

அன்றைய லீக்கில் பெரிய கிளப் மூன்றுதான். சேரனுக்கு முசிறி, சோழனுக்குப் புகார், பாண்டியனுக்குக் கொற்கை என்று ஆளுக்கொரு துறைமுகம். மிளகும் முத்தும் கப்பலேறின, ரோமாபுரிப் பொன் வந்து இறங்கியது. ஸ்பான்சருக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் எல்லாம் மலையையும் காட்டையும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றிய சின்ன கிளப்புகள். பறம்பில் பாரி, தகடூரில் அதியமான் நெடுமான் அஞ்சி, திருக்கோவலூரையும் முள்ளூர் மலையையும் வைத்திருந்த மலையமான் திருமுடிக் காரி, கொல்லியில் வல்வில் ஓரி. பலாப்பழமும் தேனும் ஏராளம். கையில் காசுதான் தங்காது.

தங்காததற்குக் காரணம் உண்டு. இவர்களைத்தான் கடையெழு வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். ஒருவர் மயிலுக்குப் போர்வை கொடுத்தார், ஒருவர் முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்தார். அந்த அரண்மனைகளில் கணக்குப்பிள்ளை என்று யாராவது இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே காசிக்குப் போயிருப்பார்.

ஓரியும் அந்த ரகம்தான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் என்ற புலவர் தம் கூட்டத்தோடு மலைக்காட்டில் போகும்போது ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறார். அவன் விட்டது ஒரே அம்பு. அது யானையைத் துளைத்து, புலியின் வாய்க்குள் புகுந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின் மேல் போய் நின்றது. இந்த ஐந்தும் எதற்காக ஒரே வரிசையில் வந்து நின்றன என்று கேட்கக் கூடாது. ஐந்து டிஃபெண்டர்களைத் தாண்டிப் போட்ட கோலைப் பற்றி ரசிகர் சொல்லும்போது நாம் டேப்பை நீட்டி அளப்பதில்லையே. புலவர் கூட்டம் பாடிய பாட்டைக் கேட்டுக் கூச்சப்பட்ட அந்த வேட்டைக்காரன் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் மான்கறியும் மதுவும் தன் மலையின் பொன்னும் மணியும் அள்ளிக் கொடுக்கிறான். அவன்தான் ஓரி. அடுத்த பாட்டில் நிலைமை முற்றிவிடுகிறது. ஓரியிடம் வாங்கிய வாங்கலில் பாணர்கள் ஆட்டத்தையும் மறந்து பாட்டையும் மறந்து உட்கார்ந்துவிட்டார்களாம். சம்பளத்தை ஏற்றினால் ஆட்டம் படுத்துவிடும் என்று கோச்சுகள் புலம்புவதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்காது.

இனி நம் மிட்ஃபீல்டர். அவன்தான் காரி.

காரியின் வியாபார முறை அலாதியானது. கிளப்பின் முதலாளியும் அவனே, கேப்டனும் அவனே, வாடகைக்குப் போகும் ஆட்டக்காரனும் அவனே. மூவேந்தர்களுக்குள் யாருக்குப் போர் வந்தாலும் முதல் தூது கோவலூருக்குத்தான். யார் பக்கம் அவன் இறங்குகிறானோ அந்தப் பக்கம் வெற்றி. இந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று என்பதற்கு அவனுடைய ஆஸ்தானப் புலவர் கபிலர் ஒரு தணிக்கை அறிக்கையே எழுதியிருக்கிறார். நாடு அந்தணர்களுக்கு. துணைக்கு வா என்று மூவரில் ஒருவர் அனுப்பும் செல்வம் இரவலர்களுக்கு. உனக்கென்று மிச்சம் இருப்பது உன் மனைவியின் தோள் ஒன்றுதான், இருந்தும் உனக்கு இத்தனை மிடுக்கா என்கிறார் புறம் 122இல். பாராட்டா கிண்டலா என்று உரைகாரர்கள் முடிவு செய்யட்டும். அந்த அம்மாள் இந்த அறிக்கையைப் படித்துவிட்டு அன்றைக்கு அடுப்பு மூட்டினாளா என்பது என் கவலை.

இன்னொரு பாட்டில் கபிலருக்கே கோபம் வந்துவிடுகிறது. கொடுப்பது சுலபம், தகுதி பார்த்துக் கொடுப்பதுதான் கஷ்டம், எல்லாப் புலவர்களையும் ஒரே தட்டில் வைக்காதே என்கிறார். ஏஜெண்ட் தனியாகப் போனஸ் கேட்கும் முறை அன்றும் இதுதான்.

மலையமான் குடும்பத்து ஆட்டக்காரனின் மதிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள புறம் 125 போதும். சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளிக்கும் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கும் போர். மலையன் சோழன் பக்கம். ஆட்டம் முடிந்து பேட்டி எடுக்கிறார்கள். ஜெயித்தவன் எல்லாருக்கும் முந்தி, இவனால்தான் ஜெயித்தேன் என்கிறான். தோற்றவனும் முந்திக்கொண்டு, இவன் வராதிருந்தால் ஜெயித்திருப்பேன் என்கிறான். மலையன் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தூதுக்குக் காத்திருக்கிறான். பணக்கார கிளப் எதற்காகப் பணத்தைக் கொட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் ஃபிஃபாவிடமும் கிடையாது. அவன் நமக்கு ஆட வேண்டும் என்பது பாதிக் காரணம்தான். எதிரிக்கு ஆடிவிடக் கூடாது என்பது மீதிப் பாதி.

நம் காலத்திலும் ஒரு சின்ன மலையமான் கதை உண்டு. 2018இல் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை வீடாக வைத்திருந்த சென்னை சிட்டி அணியில் நெஸ்டர் கோர்டில்லோ என்ற ஸ்பெயின்கார மிட்ஃபீல்டர் இருந்தார். ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே ஐஎஸ்எல் பணக்காரரான புனே சிட்டி அவரை வளைத்துப் போட்டது. பஞ்சாயத்து அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்குப் போயிற்று. ஆட்டக்காரருக்கும் தடை, புதிய ஆள் சேர்க்க புனேவுக்கும் தடை. கடைசியில் கோர்டில்லோ சென்னை சிட்டிக்கே ஆடி, அந்த அணி 2018–19 ஐ லீக் கோப்பையைத் தூக்கியது. விற்காமல் பிடித்து வைத்ததால் வந்த வெற்றி என்று கொண்டாடலாம்தான். கோப்பை வந்த சூட்டோடு கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார். 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி அடுத்த சீசன் பாதியில் ஜப்பானுக்குப் போனார். கேட்ட பணக்காரரான புனே சிட்டியோ 2019இல் கடையையே மூடிவிட்டது. ஹைதராபாத் அணி வந்து உட்கார்ந்தது அந்தக் காலி நாற்காலியில்தான். ஆக, போகவேண்டிய இடத்துக்குத்தான் போனார், நடுவில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

கொல்லிக்குத் திரும்புவோம். இனி வருவது பல பாட்டுகளில் சிதறிக் கிடக்கும் சங்கதி. இடையிலிருக்கும் ஓட்டைகளை ஆராய்ச்சியாளர்கள் அடைத்துத் தந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் தகடூர் அதியமான் கோவலூர் மேல் படையெடுத்துக் காரியைத் தோற்கடித்தான். ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே உத்தமர்தான். பரணர் இந்த வெற்றியைப் பாடியதாக ஒளவையாரே புறம் 99இல் பெருமையோடு சொல்கிறார். ஊரூராக வாடகைக்கு ஆடப் போனவனின் சொந்த மைதானம் பறிபோயிற்று. காரி சேரனிடம் போனான். சேரன் என்ன சொன்னானோ, ஒரு கணக்கு மட்டும் புரிகிறது. சேரனுக்குக் கொல்லிமலை வேண்டும். கொல்லியில் ஓரி இருக்கிறான். காரிக்கு வேலை வேண்டும்.

ஓரி கொல்லியை விலைக்குக் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டான் என்பது என் கட்சி. சும்மா கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பான். ஓரியைப் பாடிய புறம் 204இல் கழைதின் யானையார் இதற்கு ஒரு விலைப்பட்டியலே தருகிறார். கொடு என்று கேட்பது இழிவு, தரமாட்டேன் என்பது அதைவிட இழிவு. வைத்துக்கொள் என்று கொடுப்பது உயர்வு, வேண்டாம் என்பது அதைவிட உயர்வு. இதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த டிரான்ஸ்ஃபர் பேச்சும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பாரியை மூன்று வேந்தர்களும் பறம்பில் முற்றுகை இட்டபோது கபிலர் சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுதான்: வாளை வைத்துவிட்டு யாழோடு வாருங்கள், நாட்டையே கொடுத்துவிடுவான். வேந்தர்களுக்குப் பாடவராது போலிருக்கிறது.

போர் நடந்தது. வர்ணனையாளர்களுக்கு ஒரு சங்கடம்: காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஓரி மேல் காரி பாய்ந்தான் என்று கேட்டால் நாலு கால் கணக்கா இரண்டு கால் கணக்கா என்று கேட்டுத் தெளிய வேண்டும். முடிவில் சந்தேகமில்லை. ஐந்து மிருகத்தை ஒரே அம்பில் அடித்தவனைக் காரி கொன்றான். கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். அகநானூறு 209 இதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. காதலன் வரவில்லையே என்ற கவலைக்கு நடுவில் ஒரு மலையின் கைமாற்றம், பத்திரப்பதிவு உட்பட.

கபிலர் நற்றிணை 320இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஓரியைக் கொன்றுவிட்டு அவன் ஊரின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சலை நினைவூட்டுகிறார். எதற்காக? ஊருக்குள் ஒருத்தி ஒய்யாரமாக நடந்து போக, பெண்டாட்டிமார் கணவர்களைக் காப்பாற்றிக்கொள்ள அல்லாடியதற்கு உவமை சொல்வதற்காக. உள்ளூர் அணி தோற்ற தெருவில் வெளியூர் அணி ஊர்வலம் போகும் சத்தம் எப்படி இருக்கும் என்று மதுரையிலோ கொல்கத்தாவிலோ வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரியின் சோற்றைத் தின்ற புலவரே அந்தச் சத்தத்தை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதில் என் தீர்ப்பு சுருக்கமானது. காரியை விற்றதில் தப்பில்லை. சோழனுக்காகச் சேரனை அடிக்கட்டும், பாண்டியனுக்காக இருவரையும் அடிக்கட்டும், யார் அழப்போகிறார்கள்? ஒரு சின்ன கிளப்பின் ஆளை வைத்து இன்னொரு சின்ன கிளப்பை அடிக்க விட்டதுதான் தப்பு. அதியமான் காரியை அடித்தான், காரி ஓரியை அடித்தான், மேட்டில் உட்கார்ந்து பார்த்தவன் சேரன்.

அதியமானுக்குப் புத்தி தாமதமாக வந்தது. அவன் சோழனையும் பாண்டியனையும் கூட்டிக்கொண்டு சேரனை எதிர்த்தான். இடம் எங்கே என்கிறீர்கள்? கொல்லிக் கூற்றமேதான். பெருஞ்சேரல் இரும்பொறை மூன்று பேரையும் சேர்த்து வென்றான், தகடூரையும் தரைமட்டமாக்கினான் என்கிறது பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம். சீசன் முடிவில் பட்டியலைப் பார்த்தால் ஓரி இல்லை, அதியமான் இல்லை.

அந்த வருஷம் அதிகம் சம்பாதித்தது யார்? வாளெடுத்த யாரும் இல்லை. இந்த வெற்றியைப் பத்துப் பாட்டாகப் பாடிய அரிசில் கிழார். சேரனும் ராணியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உமக்கே என்று ஒன்பது லட்சம் பொற்காசும் சிம்மாசனமும் கொடுத்தார்கள். புலவர் சிம்மாசனம் வேண்டாம், நீயே ஆளு என்று சொல்லி அமைச்சர் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார். மைதானத்தில் கால் வைக்காத வர்ணனையாளருக்குப் பணமும் பதவியும். விளையாட்டுத் தொலைக்காட்சிகளைப் பார்ப்பவர்களுக்கு இது புதுச்செய்தி இல்லை.

மலையமான் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? தோற்று ஓடிவந்த சோழனை முள்ளூர் மலையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய குடும்பம் அது. அதில் பிறந்த திருக்கண்ணனுக்குச் சோழிய ஏனாதி என்ற பட்டம் கிடைத்தது. கேப்டனின் கைப்பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சோழர் குலத்தின் கிள்ளிவளவன்தான் ஒருநாள் மலையமான் வீட்டுச் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுபோனான். பிள்ளைகள் யானையைப் பார்த்த வேடிக்கையில் அழுகையை மறந்து நின்றார்கள். கோவூர் கிழார் குறுக்கே விழுந்து கேட்டிராவிட்டால் யூத் டீமும் அன்றோடு முடிந்திருக்கும்.

ஜெயித்த கிளப்பின் சொந்த மைதானம் எங்கே இருந்தது என்பதில் இன்றைக்கும் ஒருமனதான முடிவு இல்லை. சேரனின் வஞ்சி கரூர்தான் என்று ஒரு கட்சி, கொடுங்கல்லூர் பக்கம் என்று இன்னொரு கட்சி. பல தலைமுறையாக அறிஞர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள். தோற்ற ஓரியின் மைதானத்தைத் தேட வேண்டியதில்லை. செம்மேட்டில் சிலையாக நிற்கிறான். ஒவ்வோர் ஆண்டும் ஆடி 17, 18இல் அரசே விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டி வைக்கிறது. அம்பு ஒன்றுக்கு ஒரு புள்ளிதான் குறி. யானையும் உடும்பும் போட்டியில் கிடையாது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் வரும் வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் முப்பதாவது வளைவைத் தாண்டுமுன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிவிடுகிறார்கள். காரி வந்த நாளில் இந்தச் சாலை இருந்திருந்தால் ஓரி வில்லை எடுத்திருக்கவே வேண்டாம்.