ஒரகடத்துப் பெரும்புள்ளி

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாத்தூர், ஒரகடம், எங்கே வேண்டுமானாலும் போய், நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் ஓர் அறையைத் தட்டிப் பாருங்கள். ஒருவர் குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருப்பார். ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். எத்தனை மணிக்குப் போனாலும் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தேடிக்கொண்டிருப்பார். நாலாமவர் லேப்டாப் திரையில் மூக்கு உரச உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு கல்யாணப் பெண்ணின் இடது கன்னத்தை 400 சதவிகிதம் பெரிதாக்கி முறைத்துக்கொண்டிருப்பார். தப்பாக நினைக்க வேண்டாம். அவர் புள்ளி பார்க்கிறார்.

படிப்பு, டிப்ளமோ மெக்கானிக்கல். வேலை, கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் குவாலிட்டி பிரிவு. கேமரா பழசு, தவணை மட்டும் புதுசு. ஆலை கேட்டில் போனின் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். எட்டு மணி நேரம் கட்டிப்போட்ட கை வெளியே வந்ததும் சும்மா இருக்குமா? பி ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ் இறக்கிவிடும் நள்ளிரவில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகிற டிரெய்லர் லாரிகளை எடுப்பார். வல்லக்கோட்டை முருகன் கோயில் கோபுரத்தை விளக்கணைத்த பிறகு எடுப்பார். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனால், சூரியனும் கொக்கும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமையில் நண்பர்கள் வீட்டு வளைகாப்பு, காதுகுத்து. அதுவும் ஒற்றை டியூப்லைட் மினுக்கும் மண்டபமாகத்தான் வாய்க்கும். வெளிச்சம் பத்தாமல் கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை 12800-க்கு ஏற்றுவார். படம் முழுக்கப் புள்ளி மொய்க்கும். அதற்கு அவர் வட்டாரத்தில் நாய்ஸ் என்று பெயர்.

அந்த நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதை டீக்கடை பெஞ்சில் அவரைப் போல் விளக்க யாராலும் முடியாது.

"தம்பி, லைட்டுங்கறது சீரா வராது. துணுக்கு துணுக்கா வரும். ஒரு பிக்சல்ல 100 துணுக்கு விழுந்தா, அதுல ஒரு பத்து கூடக்கொறைய இருக்கும். அப்ப பத்து பர்சென்ட் ஆட்டம். அதுவே 10,000 விழுந்தா நூறுதான் கூடக்கொறைய. ஒரே பர்சென்ட். ஐ.எஸ்.ஓ. பாவம், அது என்ன பண்ணும்? இருக்கறத பெருசாக்கிக் காட்டுது, அவ்ளோதான்."

"அப்ப லைட்டு போட்டு எடுத்தா சரியாப் போயிடும்லண்ணே?" என்பான் ஜூனியர் பையன்.

டீ ஆறும். பதில் வராது.

ஏனென்றால் அவருடைய பதில் சாஃப்ட்வேரில் இருக்கிறது. பாலிடெக்னிக் நாட்களில் நீட் இமேஜ், நாய்ஸ் நிஞ்சா. 2016-இல் நிக் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேர் தொகுப்பை கூகுள் இலவசமாக்கியபோது ஹாஸ்டலில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். மறு வருடம் அதை டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு கம்பெனி வாங்கிக்கொண்டபோது இரண்டு வேளை சாப்பிடவில்லை. 2019-இல் டோபாஸ் டீநாய்ஸ் ஏஐ வந்தது. 2020-இல் டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம். 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்குள்ளேயே ஏஐ டீநாய்ஸ். ஒவ்வொன்றும் வரும்போது "இதான் கடைசி" என்பார். விலையோ டாலரில். ஆகவே ட்ரையல். தன் மெயில் ஐடி தீர்ந்ததும் அறைக்காரர்களுடையது. எல்லாம் தீர்ந்தால்தான் காசு. பாவம், குரூப் 4 காரருக்கு டிஎன்பிஎஸ்சியிலிருந்து வரும் மெயிலைவிட பிரான்சிலிருந்து வரும் மெயில் அதிகம்.

டார்க்டேபிள் என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கேமரா எந்த ஐ.எஸ்.ஓ.வில் எவ்வளவு புள்ளி போடும் என்று கணக்கெடுத்து வைத்துக்கொண்டு நீக்கித் தரும். முழுக்க இலவசம். அதனாலேயே அவருக்கு அதன்மேல் மரியாதை வரவில்லை.

லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆகும் என்று லைட்ரூம் முன்கூட்டியே அறிவித்துவிடும். 300 படம் என்றால் 100 மணி நேரம். வளைகாப்பு ஆல்பம் வீடு போய்ச் சேரும்போது, உள்ளே இருந்த பிள்ளைக்குக் காதுகுத்து.

வந்து சேர்ந்த ஆல்பத்திலும் சிக்கல். படத்தில் தகவல் இல்லாத இடத்தை ஏஐ தன் அனுபவத்தை வைத்து நிரப்பும். அதன் அனுபவத்தில் நம்மூர் ஆட்கள் கொஞ்சம் குறைவு. எண்பது வயதுப் பாட்டியின் முகம் உரித்த முட்டை மாதிரி வந்துவிடும். காஞ்சிப் பட்டின் ஜரிகை போன இடம் தெரியாது. பேனரில் "தாய்மாமன் வருக" என்றிருந்தது எந்த நாட்டு லிபி என்று சொல்ல முடியாதபடி ஆகியிருக்கும். "எங்கம்மா மூக்குல இருந்த மச்சம் எங்கண்ணே?" என்று கேட்ட நண்பரிடம், "அது நாய்ஸ்னு நெனைச்சிடுச்சு" என்று சொல்லி, அடிவாங்காமல் திரும்பியதே பெரிது.

ஊரிலிருந்து அவருடைய அம்மாவும் ஒரு படம் அனுப்பினார். "பொண்ணு எப்படிடா?"

"ஷேடோவுல நாய்ஸ் ஜாஸ்திம்மா."

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

இதே மனிதரை ஆலைக்குள் பார்க்க வேண்டும். புலி. சிவப்பு ட்ரேயில் கிடக்கும் ரிஜெக்‌ஷன் பாகம் ஒன்றைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு, "ரீவொர்க் பண்ணிக்கலாம்னு நெனைச்சு லைன்ல விடாத. மொத தடவையே சரியா வரணும். தப்பு எங்க பொறக்குதோ அங்க அடி" என்று ட்ரெயினிகளை உலுக்குவார். டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த வொய்-வொய், அதாவது ஐந்து முறை "ஏன்" கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்கும் வித்தை, அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்த வித்தை ஒருநாள் அவர்மீதே பாய்ந்தது. எப்போதும் தூங்குகிறவர், லேப்டாப் விசிறியின் இரைச்சலில் விழித்துக்கொண்டார். அவரும் அதே ஆலை.

"ஏன் நாய்ஸ்?"

"ஐ.எஸ்.ஓ. ஏத்தினேன்."

"ஏன் ஏத்தின?"

"வெளிச்சம் பத்தல. ஷட்டரை ஸ்பீடா வெச்சேன்."

"ஏன் ஸ்பீடு? கோபுரம் என்ன ஓடியா போவுது?"

"கையில புடிச்சு எடுத்தேன். ஆடும்ல?"

"ஏன் கையில? ட்ரைபாட் வாங்கலாம்ல?"

"காசில்ல."

"ஏன் காசில்ல?"

"... சாஃப்ட்வேர் வாங்கினேன்."

ஐந்து ஏன். மூலகாரணம் கிடைத்துவிட்டது. கேட்டவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

வேதனை என்னவென்றால், பஸ் டிக்கெட் தேடுகிறவரும் அதே கோபுரத்தைப் போனில் எடுத்தார். போனின் நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி பார்க்கிறது. ஒன்பது படம் சேர்ந்தால் புள்ளி மூன்றில் ஒரு பங்காகிவிடும். 2019-இல் ஐபோன் 11-இல் வந்த இந்த வசதி, மறு வருடமே இதே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையில் பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டது. நம்மவர் புள்ளி தேடிய ஊரில்தான் அதற்கான மருந்தும் தயாரானது. போதாக்குறைக்கு, அவர் 24 மெகாபிக்சலில் விடிய விடியக் கழுவிய படத்தை வாட்ஸ்அப் ஒரு நொடியில் நசுக்கிச் சின்னதாக்குகிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகக் கலந்து, கழுவாத படமும் கழுவிய படமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

சென்ற வாரம் ஒருவழியாக வெற்றி. படத்தில் ஒரு புள்ளி கிடையாது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏதோ கொறையுதே... ஃபிலிம் லுக் இல்ல" என்றார். உட்கார்ந்து, கிரெய்ன் என்ற ஸ்லைடரை 25-க்கு நகர்த்தினார். படம் முழுக்கப் புள்ளி வந்தது. முகம் மலர்ந்தது.

இது அவர் ஒருவரின் கிறுக்கு என்றும் சொல்ல முடியாது. அன்று கூகுள் இலவசமாகக் கொடுத்த நிக் தொகுப்பிலேயே புள்ளி எடுக்க டிஃபைன், புள்ளி தூவ சில்வர் எஃபெக்ஸ் என்று இரண்டும் இருந்தன. டிஎக்ஸ்ஓ இன்று எடுக்க பியூர்ரா விற்கிறது, போட ஃபிலிம்பேக் விற்கிறது. எடுக்க ஒரு காசு, போட ஒரு காசு.

இப்போது எந்த சாஃப்ட்வேரின் புள்ளி உயர்ந்த புள்ளி என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார். ட்ரைபாட் விஷயம் என்னாச்சு என்று கேட்டால், "போனஸ் வரட்டும்" என்கிறார். போன போனஸுக்கும் இதையேதான் சொன்னார்.