பாடுற பொண்ணு எங்கன நிக்குது?

மாப்பிள்ளையின் காரைக் கடந்து போகிறவர் யாராயிருப்பினும், சந்தைக்குப் போகிறவரோ சாவுக்குப் போகிறவரோ, கையைப் பிடித்து நிறுத்தப்பட்டு, சாரதி ஆசனத்தில் அமர்த்தப்பட்டு, கண்களை மூடிக்கொள்ளும்படி பணிக்கப்பட்டு, “மாமா, இப்பச் சொல்லுங்க, பாடுற பொண்ணு எங்கன நிக்குது?” என்ற வினாவுக்கு விடையளித்த பின்னரே தமது காரியத்தைப் பார்க்க அனுமதிக்கப்படுவார்.

மாப்பிள்ளை என்று நான் அவரை அழைப்பது முறை பற்றி. நீங்கள் வேறு பெயரால் அழைத்துக்கொண்டிருப்பீர்கள். விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன இந்த ஓடைப்பட்டியிலே, தகப்பனார் விட்டுச்சென்ற கல்தூண் பந்தல் கவாத்துக்குக் காத்துக்கிடக்க, மாப்பிள்ளையோ காரின் கதவைப் பிரித்துப் போட்டு, உள்தகட்டிலுள்ள துவாரங்களையெல்லாம் அலுமினியம் பூசிய பியூட்டைல் ஷீட்டால் மூடி, சிறிய உருளையொன்றால் அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பார். ஸ்பீக்கர் கூம்பின் முன்புறம் எழும் ஒலியும் பின்புறம் எழும் ஒலியும் அத்துவாரங்களின் வழியே சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று அழித்துவிடும், பேஸ் செத்துப்போகும் என்பது அவருடைய சித்தாந்தம். சித்தாந்தம் சத்தியமானதே, அதனால்தான் அவரோடு வாதாட இயலாமற் போகிறது.

மாப்பிள்ளை இவ்வளவும் செய்வது கார் ஒலித்தரப் போட்டிக்காக. சத்தத்திற்கான போட்டி வேறு, ஒலித்தரத்திற்கான போட்டி வேறு என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். முன்னது டெசிபல் கணக்கு. கண்ணாடி அதிர்ந்தால் வெற்றி. பின்னதோ அமெரிக்காவில் பிறந்த ஐயாஸ்கா, ஐரோப்பாவில் பிறந்த எம்மா முதலிய சபைகள் வகுத்த விதிகளின்படி, நடுவர் காருக்குள் அமர்ந்து, அதற்கென்றே பதிவுசெய்த தட்டினைக் கேட்டு, கச்சேரி மேடையின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, ஒவ்வொரு வாத்தியமும் தன் இயற்கைக் குரலில் பேசுகிறதா, எது எந்த ஸ்தானத்தில் நிற்கிறது என்றெல்லாம் ஆராய்ந்து மதிப்பெண் வழங்கும் சூட்சுமமான பரீட்சை. அந்தத் தட்டுகளில் ஒன்றுமே பதிவாகாத பதிவு ஒன்றும் உண்டு. கருவிகள் தாமாக இரைகின்றனவா என்று சோதிப்பதற்காம். மாப்பிள்ளை அதை எனக்குப் போட்டுக்காட்டியிருக்கிறார். “கேக்குதா?” என்றார். “ஒண்ணும் கேக்கலையே மாப்ளே” என்றேன். அவருடைய கண்கள் பனித்தன.

ஸ்தான விசாரணைக்கு வருவோம். நம் நாட்டுக் கார்களில் சாரதி வலப்புறம் அமர்வதால், வலக்கதவின் ஸ்பீக்கர் அவருடைய முழங்காலை ஒட்டியும் இடக்கதவின் ஸ்பீக்கர் சற்றுத் தொலைவிலும் அமைகின்றன. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லுமாகையால், 34 சென்டிமீட்டர் கூடுதல் தூரத்திற்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதம் நேர்கிறது. முந்தி வந்த ஒலியின் பக்கமே பாடகி நிற்பதாகச் செவி மயங்குகிறது. ஆகவே டிஎஸ்பி என்னும் பெட்டியின் துணைகொண்டு வலப்புற ஒலியை அத்தனை நேரம் காக்கவைத்தால், இரண்டும் ஒருங்கே வந்துசேர்ந்து, பாடகி முன்கண்ணாடிக்கு அப்பால், பானட்டின் மேல், நடுநாயகமாகக் காட்சி தருவாள். தராவிட்டால் மறுபடியும் லேப்டாப், மறுபடியும் ஓர் அற்பப் பின்னத்தின் திருத்தம், மறுபடியும் நாம்.

பாடகி எங்கே நிற்கிறாள் என்ற கேள்விக்கு இவ்வூர் அளித்துள்ள விடைகளைத் தொகுத்தால் ஒரு நூலாகும். கோயில் கொடைக்கு வந்திருந்த வயோதிக நாதஸ்வரக்காரர் ஒருவர், “நிக்கிறாங்களா? உக்காந்துல்லப்பா பாடுவாங்க” என்று திகைத்தார், “இல்லய்யா, ஸ்டுடியோவுல நின்னுதான் பாடுவாங்க” என்று மாப்பிள்ளை சிரத்தையோடு விளக்கினார். வெள்ளாடு மேய்க்கிறவர் நெடுநேரம் கண்ணை மூடியிருந்து, கடைசியில் குறட்டை விட்டார். மாப்பிள்ளையின் சொந்த அத்தையை உட்கார்த்திச் சொர்ணலதாவின் பாட்டைப் போட்டுக் கேட்டபோது, அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “ஏண்டா, அந்தப் புள்ள போய்ச் சேந்து எம்புட்டு வருசமாச்சு, எங்கன வந்துடா நிக்கும்?” என்று அழுதே விட்டார். 2010-இல் காலமான ஒரு கலைஞருக்கு அன்று எங்கள் தெருவில் நேர்ந்த அஞ்சலி அது. மாப்பிள்ளையோ, “அழுகாத அத்தை, இடதா நடுவா, அத மட்டும் சொல்லு” என்றார்.

எனக்கு ஆத்திரம் மூள்வது இவ்விடத்தில்தான். அந்தப் பாடல் 1994-இல் வெளிவந்த ‘கருத்தம்மா’ படத்தினுடையது. இயக்கிய பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். எழுதிய வைரமுத்து வடுகபட்டிக்காரர். பாடியதற்காகச் சொர்ணலதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரமோ எங்கள் உத்தமபாளையம் வட்டத்திலேயே இருக்கிறது. இத்தகைய பூமியில் வாழ்ந்துகொண்டு, லட்சக்கணக்கில் செலவிட்டு உண்டாக்கிய அந்த அபூர்வ நாதத்தில், ஒரு பாட்டையாவது பல்லவி தாண்டிக் கேட்கும் பாக்கியம் அந்தக் காரில் ஒருவருக்கும் வாய்த்ததில்லை. முதல் வரியில் நிறுத்துவார், திருத்துவார், மறுபடி முதல் வரி. சரணம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருக்கக்கூடும். சின்னமனூர் மினி பஸ்ஸில் ஒரு ஸ்பீக்கர் கிழிந்து, இன்னொன்று கரகரக்க, பாட்டு முழுதாக ஓடுகிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இடையிசையோடு சேர்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம்.

காரில் ஊர் போய்ச் சேர்வதும் சுலபமன்று. டிக்கியில் மூட்டை வைக்க முடியாது, அங்கே சப்வூஃபர் பெட்டி. பின்னாசனத்தில் வளையல் அணிந்த பெண்டிர் அமரலாகாது, பேஸ் வரும்போது கிலுகிலுக்கும். முன்னாசனத்தில் நான் அமர்ந்தால் என் முழங்கால் இடக்கதவின் ஸ்பீக்கரை மறைப்பதாகக் குற்றச்சாட்டு. டேஷ்போர்டிலிருந்த பித்தளைப் பிள்ளையார் மேல்ஸ்தாயி ஒலிகளைக் கண்ணாடிமீது சிதறடிக்கிறார் என்று கண்டுபிடித்து மாப்பிள்ளை அவரை அகற்ற முற்பட, தாயார் சோறு தண்ணீர் இன்றிப் படுத்துக்கொள்ள, முடிவில் இருதரப்புக்கும் சமாதானம் ஏற்பட்டு, விநாயகப் பெருமான் இப்போது கறுப்பு வெல்வெட் சுற்றிக்கொண்டு சபரிமலைக்கு மாலை போட்டவர்போல் வீற்றிருக்கிறார். ஆடிமாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதற்கன்று, தாம் ஒலியளக்க வைக்கும் மைக்கைக் கெடுப்பதற்கே வீசுவதாக மாப்பிள்ளை கருதுகிறார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட ஊர், காலக்கிரமத்தில் ஓர் உபாயத்தைக் கற்றுக்கொண்டது. ‘இடது’ என்றாலும் ‘வலது’ என்றாலும் அரைமணி நேரம் போய்விடும். ‘நடு’ என்று சொன்னவருக்கே உடனடி விமோசனம். ஆகவே கண்ணை மூடுமுன்பே, சில வேளைகளில் பாட்டு ஆரம்பிக்குமுன்பே, “நட்ட நடுவுல நிக்குது மாப்ளே, கோபுரத்துல கலசம் கெணக்கா!” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போக எல்லாரும் பழகிக்கொண்டோம். ஒரு கிராமமே ஒருமுகமாகச் சாட்சி கூறியதை நம்பி மாப்பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் புறப்பட்டார். வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் இருந்தது. தொனியும் நன்று என்றார் நடுவர். ஆனால் பாடகி இடப்புறம் ஒரு சாண் தள்ளி நிற்பதாகத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்த மாப்பிள்ளை ஒருவரோடும் பேசவில்லை. என்னிடம் மாத்திரம் வந்து, “நீங்களுமா மாமா?” என்றார். எனக்கு அவரிடத்தில் பிரியம் உண்டு; விடியற்காலை மூன்று மணிக்குத் தெருவிளக்கின் கீழ், காரின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டைப் பார்த்தவன் நான். எனினும் ஒருவரை மறித்து உட்கார்த்திப் பிடுங்குகிற சாட்சியம் வேறு எப்படி இருக்கும்?

பெரியவர்களின் செவியில் நம்பிக்கையிழந்த மாப்பிள்ளை, தற்போது பள்ளிக்கூடம் விட்டுவரும் சிறுவர்களைப் பிடித்து, ஒவ்வொரு தரம் கேட்பதற்கும் ஒரு கடலைமிட்டாய் வீதம் கொடுத்து வருகிறார். ‘நடு’ என்று சொன்னால் விசாரணையும் மிட்டாயும் அத்தோடு முடிந்துவிடும் என்பதை முதல் நாளே கண்டுகொண்ட பையன்கள், “எடதுண்ணே, இன்னும் எடது” என்று வரிசையில் நின்று சொல்லிக்கொண்டேயிருக்க, மாப்பிள்ளையும் பாடகியைச் சிறிது சிறிதாக வலப்புறம் நகர்த்திக்கொண்டேயிருக்கிறார். இந்தக் கணக்குப்படி அந்த அம்மாள் சாரதியின் கதவைத் தாண்டித் திராட்சைப் பந்தலுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.