ஒரு ரூபாய் கூடினால் பணக்காரன்

மாண்புமிகு ஜிஎஸ்டி மன்றத்தாருக்கு,

மைசூரிலிருந்து ஞாயிறுதோறும் மேல்கோட்டைக்குச் சைக்கிள் மிதிக்கும் ஒருவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் உங்கள் வசூலும் நலம் என்பதை மாதாமாதம் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இந்தக் கடிதத்தில் ஜாக்கெட் என்பது சைக்கிள்காரன் மழைக்கும் காற்றுக்கும் போட்டுக்கொள்ளும் மேலுடுப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். "பதினெட்டாயிரத்துக்கு ஒரு ஜாக்கெட் வாங்கியிருக்கேன்" என்று நான் கூடத்தில் நின்று அறிவித்தபோது மனைவி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் அணைந்துவிட்டது. தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் கட்டை, முதுகுப்பக்கம் வால் மாதிரி நீளம். "டெய்லர் துணியை மாத்தி வெட்டிட்டான் போலிருக்கு. லைனிங்கூட வைக்கலையே!" என்றாள்.

பில்லைப் பார்த்தேன். பதினெட்டாயிரத்தில் 2,746 ரூபாய் உங்களுடையது.

கடந்த 2025 செப்டம்பர் 3 அன்று நீங்கள் 56ஆவது முறையாகக் கூடினீர்கள். அந்த மாதம் 22 முதல் சைக்கிளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். தைத்த உடுப்புக்கும் அன்றே ஒரு கோடு போட்டீர்கள்: விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்குமேல் 18. ஆக, சைக்கிள் மிதிப்பவன் ஏழை. மிதித்துக்கொண்டே நனையாமல் இருக்க ஆசைப்பட்டால் பணக்காரன்.

உங்கள் கோட்டை நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2,500 ரூபாய் ஜாக்கெட் வரியோடு 2,625. இன்னும் ஒரே ஒரு ரூபாய்க்கு நல்ல ஜிப் வைத்து 2,501 என்று விற்றால், வரியோடு 2,951 ரூபாய் 18 காசு. ஒரு ரூபாய் ஜிப்புக்கு 326 ரூபாய்! ஜிப்பை மூடுவதா, வாயை மூடுவதா என்று தெரியவில்லை.

என் மனைவியின் பட்டுப்புடவை அறுபதாயிரம் ஆனாலும் 5 சதவீதம்தான், ஏனென்றால் அது தைக்காத துணி. தங்க நகை, வைர நகை என்றால் 3 சதவீதம். விலை ஒரு பொருட்டில்லை என்று தெரிகிறது. ஊசியில் நூல் கோப்பதுதான் குற்றம். மேல்கோட்டைக்காரர்கள் இதை முன்பே அறிந்தவர்கள். சோழ நாட்டிலிருந்து தப்பிக் கிளம்பிய இராமாநுசர் காவியைக் களைந்து வெள்ளை உடுத்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஆபத்துக் காலத்திலும் அவர் தைத்த உடுப்புக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்கவும்.

தலைக்குப் போடுவதிலும் இந்த ஊருக்கு ஒரு வழி இருக்கிறது. மேல்கோட்டை உற்சவப் பெருமாள் செல்வப்பிள்ளைக்கு வைரமுடி என்ற கிரீடம் உண்டு. அது மண்டியா மாவட்டக் கருவூலத்தில் இருக்கும். பங்குனி உற்சவத்தில் ஓர் இரவு மட்டும் போலீஸ் காவலோடு மலைக்கு வரும். பகல் வெளிச்சம் படக்கூடாது என்பது சம்பிரதாயம், அதனால் ராத்திரியில் சாற்றிப் புறப்பாடு. பிறகு ராஜ உடையார் கொடுத்த ராஜமுடிக்கு மாறிக்கொள்வார். விலையுயர்ந்த பிராண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெருமாளே வழிகாட்டுகிறார்: ஆண்டுக்கு ஒரு நாள் போட்டுக்கொள், மற்ற நாள் பூட்டி வை. என் ஜாக்கெட்டும் இப்போது அப்படித்தான் பீரோவில் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். வைரமுடியை இன்று புதிதாகச் செய்தால் 3 சதவீதம், என் ஜாக்கெட்டுக்கு 18.

பூட்டி வைத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடுத்த முறை கோடு போடும்போது உதவும்.

ஐப்பசி ஞாயிறு. ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் தாண்டும்வரை தூறல். ஜக்கனஹள்ளியில் மேல்கோட்டைக்குத் திரும்பியதும் வானம் பொத்துக்கொண்டது. கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு ஏறினேன். வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டு ஓடியதைப் பார்க்க எவ்வளவு கர்வம்! பாதி ஏற்றத்தில் முதுகு நசநசவென்றது. மேலே போய்ச் சைக்கிளை நிறுத்திக் கையை இறக்கியபோது, இரண்டு மணிக்கட்டிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. மழையில்லை, அவ்வளவும் என் வியர்வை. பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் சிமெண்டுச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்து நின்றிருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் நனைந்திருந்தது.

"எஷ்டு கொட்ரி சாமி?" என்றார். என்ன விலை கொடுத்தேன் என்று கேட்கிறார். எண்ணூறு என்று பொய் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். "ஒளகே ஒத்தெ ஆகிதெயல்லா!" உள்ளே நனைந்திருக்கிறதே என்று அவர் வருத்தப்பட்டது எண்ணூறு ரூபாய்க்கே. அதற்குமேல் அவரை வருத்த எனக்கு மனமில்லை.

தவறு ஜாக்கெட்டின்மேல் இல்லை. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்ளான் தண்டை மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்தார், அறுந்துகொண்டே வந்தது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார், ரப்பர்போல் நீண்டுவிட்டது. அப்படிப் பிறந்த நுண்துளைப் படலம்தான் 1976இல் கோர்டெக்ஸ் என்று சந்தைக்கு வந்தது. மழைத்துளி உள்ளே நுழையாது, வியர்வை ஆவி வெளியே போகும். ஆனால் ஆவி தானாகப் போகாது. உள்ளே புழுக்கமும் வெளியே குளிரும் வறட்சியும் இருந்தால்தான் கிளம்பும். ஆல்ப்ஸ் மலையில் ஐந்து டிகிரியில் அது ஓடோடிப் போகும். பாண்டவபுரத்து ஐப்பசியில் வெளியேயும் உள்ளேயும் ஒரே ஈரம். எங்கே போவது என்று தெரியாமல் என் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு, மேல்துணியில் பூசிய நீர்விலக்குப் பூச்சு சலவை ஏற ஏற மங்கும். துணி நனைந்து ஊறினால் துளைகளின் வேலையும் நின்றுபோகும். இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் ஓரளவு திரும்பும் என்று படித்துவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "ஜாக்கெட்டுக்கு நீங்களே இஸ்திரி போடறேளா, நன்னா இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்படியானால் ராஃபா, அசோஸ், காஸ்டெல்லி என்ற விலையுயர்ந்த சைக்கிள் உடுப்புப் பிராண்டுகள் எல்லாம் ஏமாற்றா? இல்லை. அந்த முதுகு வால் இருக்கிறதே, குனிந்து மிதிக்கும்போது பின்சக்கரம் அடிக்கும் சேறு இடுப்புக்குள் போகாமல் அது தடுக்கிறது. கைநீளம் ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தாலும் மணிக்கட்டை விட்டு ஏறுவதில்லை. காற்றில் படபடக்காத வெட்டு, ஈரக்கையில் ஒரே இழுப்பில் திறக்கும் ஜிப், கிழிந்தால் தைத்துத் தரும் ஏற்பாடு, இவற்றுக்குக் கொடுக்கலாம். அன்றாடம் விடியலில் ஊட்டிச் சாலையில் ஏறி இறங்குபவன் நிச்சயம் வாங்கட்டும். என்னைப்போல் ஞாயிற்றுக்கிழமைப் பக்தன், வாரம் ஒரு முறை புளியோதரைக்காக மலையேறுபவன், அரைவிலைக்குக் கிடைக்கும் காற்றுத் தடுப்பையும் ஒரு சாக்கையும் வைத்துக்கொள்வதே புத்தி. நனைவது உறுதி என்று ஆனபின் எந்த விலையில் நனைவது என்பதுதான் கேள்வி.

இனி என் வேண்டுகோள்கள். 2024 டிசம்பரில் ஜைசல்மேரில் கூடி, பாப்கார்னில் உப்புப் போட்டால் 5, பொட்டலம் கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகு சேர்த்தால் 18 என்று நாட்டுக்குத் தெளிவுபடுத்தியவர்கள் நீங்கள். அதே நுட்பத்தை ஜாக்கெட்டுக்கும் காட்ட வேண்டும். உப்பு என்றால் 5 என்பது உங்கள் கொள்கை. என் ஜாக்கெட்டின் உட்புறத்தை நக்கிப் பார்க்க ஓர் ஆய்வாளரை அனுப்பினால் போதும், 18 தானாக இறங்கிவிடும்.

அடுத்தது, உங்கள் விதி ஓர் உருப்படிக்கு என்று பேசுகிறது. வலக்கை 2,499, இடக்கை 2,499, நடுவுடம்பு 2,499 என்று தனித்தனி உருப்படியாக வாங்கி நானே ஜிப் போட்டுச் சேர்த்துக்கொண்டால் சட்டம் என்ன சொல்லும்? சைக்கிள்காரர்களுக்குக் கையில்லாத அங்கியும் கழற்றி மாட்டும் தனிக் கையும் முன்பே பழக்கம்தான். முடியாது என்றால், நீர்புகாத் துணியை ஒன்பது கஜமாக வாங்கி மடிசார் கட்டிக்கொண்டு மிதிக்கிறேன். சங்கிலியில் சிக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடவும்.

மற்றபடி நலம்.

இப்படிக்கு,
ஜக்கனஹள்ளி ஏற்றத்தில் நனைந்தவன்

பின்குறிப்பு: டூர் டி பிரான்ஸ் வீரர்கள் அந்தக் காலத்தில் மலையிறங்கும் முன் வழியில் நிற்பவர்களிடம் செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொள்வார்கள். நானும் அன்று புளியோதரைக் கடையில் கிடந்த கன்னட தினசரியைக் கேட்டு வாங்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். காற்று உள்ளே வரவேயில்லை. செய்தித்தாளுக்கு வரியும் இல்லை. வீட்டுக்கு வந்து கழற்றினால் பனியனில் இடவலம் மாறி மை ஒட்டியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன், உங்கள் சென்ற மாத வசூல். இரண்டு முறை சலவைக்குப் போட்டாயிற்று, கோடி மட்டும் இன்னும் போகவில்லை.